நூற்றுப் பன்னிரண்டாம் எண் மீன் சீட்டு

செர்பியாவில், எங்கள் மைய வங்கியில் நான் பூஜ்யப் பிரிவில் வேலை பார்த்தேன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. 1993-ஆம் வருடம் அந்தக் கட்டடத்தில் நிஜமாகவே வேலை நடந்த ஒரே பிரிவு எங்களுடையதுதான். தினார் நோட்டில் எத்தனை பூஜ்யம் போடுவது என்று காலையில் முடிவு செய்வோம். அது போதாது என்று மதியம் தெரியவரும். சாயங்காலம் இன்னும் இரண்டு சேர்ப்போம். பூஜ்யங்கள் நோட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டால் வானொலியில் அறிவித்துவிட்டு மொத்தமாக ஆறு பூஜ்யங்களை வெட்டுவோம். அக்டோபரில் அப்படி வெட்டினோம். நவம்பருக்குள் அவை நகம் மாதிரி திரும்ப வளர்ந்துவிட்டன.

பணம் எப்படிப் பிறக்கிறது என்று பலருக்குத் தெரியாது. தினமும் காலை எட்டு மணிக்கு நிதி அமைச்சகத்திலிருந்து ஒருவர் தோல்பெட்டியோடு வருவார். பெட்டிக்குள் ஒரே ஒரு காகிதம் இருக்கும். அரசாங்கத்துக்கு இவ்வளவு பணம் வேண்டும், பிறகு திருப்பித் தருகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அதே தொகைக்கு நோட்டு அடித்து லாரியில் ஏற்றுவோம். போலீஸ்காரருக்கும் பள்ளி வாத்தியாருக்கும் சம்பளம் போகும். அவர்கள் வாங்கிய கையோடு கடைக்கு ஓடுவார்கள். லாரிச் சத்தம் கேட்டதுமே கடைக்காரர் விலையை அழித்து மாற்றி எழுதியிருப்பார். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோல்பெட்டிக்காரர் இன்னும் பெரிய காகிதத்தோடு வருவார். இதற்குப் பணக்கொள்கை என்று பெயர். இதைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எங்கள் மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

டிசம்பரில் அச்சு மைக்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கள் வங்கி ஆளுநர் டாக்டர் கெஸிச் எல்லோரையும் கூட்டி ஓர் உரை ஆற்றினார்.

"நண்பர்களே, நோட்டின் பின்பக்கம் அச்சாகி முடிவதற்குள் முன்பக்கம் செல்லாமல் போய்விடுகிறது. ஆக, பின்பக்கம் என்பது ஆடம்பரம். நாளை முதல் முன்பக்கம் மட்டும் அடிப்போம். சிக்கனம் நம்மிடமிருந்து தொடங்கட்டும்!"

நாங்கள் கைதட்டினோம். கூடம் சூடாக இருந்தது, வீட்டில் ஹீட்டர் கிடையாது. அதனால் கொஞ்சம் அதிகமாகவே தட்டினோம்.

இந்த நிலையில்தான் என் மேல்மாடிக்காரர் திஹோமிர் அண்ணன் ஒரு பத்திரத்தை நாளிதழில் சுற்றிக்கொண்டு வங்கிக்கு வந்தார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். எதையும் முழுதாக நம்பிவிடுவார், அதுதான் அவரிடம் உள்ள ஒரே கோளாறு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் 'தேசத்துக்குக் கடன் கொடுங்கள்' என்று அரசாங்கம் கேட்டபோது, தன் சின்னக் காரை விற்று அந்தப் பணத்தை அப்படியே கொடுத்தார். பதிலுக்கு ஒரு பத்திரம் தந்தார்கள். கழுகு முத்திரை, தங்க ஓரம், இரண்டு கையெழுத்து. அவர் மனைவி ரூஜா அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

"நெவெங்கா, ஒன்பது வருஷம் முடிஞ்சிடுச்சும்மா. வட்டியோட தர்றேன்னு போட்டிருக்கு. வர்ற பத்தொன்பதாம் தேதி எங்க ஸ்லாவா. கெண்டை மீன் வாங்கணும்" என்றார்.

செர்பியர் வீட்டில் ஸ்லாவா என்றால் விளையாட்டில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அவர் நாளன்று யாரையும் அழைக்கக்கூடாது, தானாக வந்தவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. வந்தவர் எல்லோரும் சாப்பிட்டுப் போகிறவரை வீட்டுக்காரர் உட்காரவே கூடாது. திஹோமிர் அண்ணனின் புனிதர் நிக்கோலா. அது விரத காலம், இறைச்சி ஆகாது, மீன்தான். அவர் தாத்தா காலத்தில் இரண்டு போர் நடந்தபோதும் அந்த வீட்டுக் கதவு அந்த ஒரு நாள் சாத்தப்பட்டதில்லை. இந்த வருடம் சாத்தவேண்டி வருமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் அவரை முதல் கவுண்டருக்கு அழைத்துப் போனேன்.

அங்கே கணக்குப் போட்டார்கள். அசல், ஒன்பது வருட வட்டி, அதில் வெட்டிய பூஜ்யங்கள். எல்லாம் போக மிஞ்சியது சந்தை விலையில் ஒரு தீக்குச்சி.

"தீப்பெட்டியா?" என்றார் அண்ணன்.

"குச்சி" என்றாள் கவுண்டர்க்காரி. "ரெண்டாவது கவுண்டர்ல சீல் வாங்கிட்டு வாங்க."

இரண்டாவது கவுண்டரில் சீல். மூன்றாவது கவுண்டரில் அந்த சீல் உண்மையானதுதான் என்று ஒரு சீல். நான்காவது கவுண்டரில் இருந்தவர் கணக்கை மறுபடி பார்த்துவிட்டு, வருத்தத்தோடு தலையாட்டினார்.

"நீங்க ரெண்டாவது கவுண்டர்ல நின்னப்போ ஒரு லாரி போச்சுங்க. இப்ப அரைக் குச்சி."

அண்ணன் கவுண்டர் பக்கம் குனிந்து கேட்டார்.

"மருந்து இருக்கற பாதியா, இல்லாத பாதியா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கவுண்டர்க்காரர் எழுந்து போனார். மேலதிகாரியைக் கேட்டார். அவர் மூன்றாவது மாடியைக் கேட்டார். மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து விவாதித்து, மருந்து இல்லாத பாதி என்று பெரும்பான்மையில் முடிவு செய்தார்கள். மருந்துள்ள பாதியைக் கொடுத்தால் விலைவாசி ஏறிவிடுமாம்.

"அப்ப நான் கையெழுத்துப் போடலை" என்று பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார் அண்ணன்.

அவ்வளவுதான், கட்டடமே கலகலத்துப் போயிற்று. விஷயம் என்னவென்றால், அந்தப் பத்திரத்தை வாங்கிய மூன்று லட்சம் பேரில் மற்ற எல்லோரும் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாதிப்பேர் குளிர் காயத்தான் வங்கிக்கு வந்தவர்கள், வந்த இடத்தில் கையெழுத்தும் போட்டார்கள். மிச்சம் இவர் ஒருவர்தான். இவரும் போட்டுவிட்டால் மக்களுக்கு அரசாங்கம் தரவேண்டிய கடன் பூஜ்யம் என்று புத்தாண்டுக்குள் அறிவித்துவிடலாம். எங்கள் பிரிவே அதற்காகக் காத்திருந்தது. முதன்முறையாக ஒரு பூஜ்யம் முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக நிற்கப்போகிறது.

டாக்டர் கெஸிச் அண்ணனைத் தன் அறைக்கே வரவழைத்துக் காப்பி கொடுத்தார். வாசலில் நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது.

"ஐயா, நீங்க ஒரு சரித்திரத் தருணத்துல நிக்கிறீங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னால இந்த நாடு மக்கள்கிட்ட மூணு லட்சம் கார் அளவுக்குக் கடன்பட்டிருந்தது. நாங்க யாருக்கும் ஒரு காசு இல்லேன்னு சொல்லலை. யாரையும் ஏமாத்தலை. கடனை அப்படியே வச்சிக்கிட்டு காசைச் சின்னதாக்கினோம். இன்னைக்கு அத்தனை கடனும் ஒரு கைவண்டித் தீக்குச்சிக்குள்ள அடங்கிடும். உலகத்துல எந்த நாடாவது தன் மக்களுக்கு இவ்வளவு மலிவா நாணயமா நடந்திருக்கா?"

"புரியுதுங்க. ஆனா நான் கார் கொடுத்தேன். கார் வேண்டாம், ஒரு கெண்டை மீன் கொடுங்க. போட்டுடறேன்."

"மீனா? மைய வங்கி மீன் தர முடியாதுங்க!"

"ஏங்க?"

"மீனை அடிக்க முடியாதே!"

இதைச் சொன்னபோது ஆளுநரின் குரலில் உண்மையான துயரம் இருந்தது. அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பதினெட்டாம் தேதி அவர் மீன் மொத்த வியாபாரி ஸ்தேவாவின் குளிர்சாதனக் கிடங்குக்குப் போனார். அங்கே சரக்கு லிஃப்ட் நான்காவது மாடிக்கு ஏறி, இறங்கமாட்டேன் என்று ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தது. அண்ணன் ஒரு பகல் முழுக்க உள்ளே தொங்கி அதைக் கீழே கொண்டுவந்தார். ஸ்தேவா நோட்டுக்கட்டை எடுத்தபோது அண்ணன் வேண்டாம் என்று மீனைக் கைகாட்டினார். மூன்று கிலோவில் ஒரு கெண்டை கிடைத்தது. அதைக் கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு டிராமில் வந்தார். டிராமில் இருந்தவர்கள் மொத்தப்பேரும் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்களாம்.

பத்தொன்பதாம் தேதி காலையிலேயே ரூஜா அக்கா என்னைச் சமையல் உதவிக்குக் கூப்பிட்டுவிட்டாள். மீனைச் சரியாக நாற்பது துண்டு போட்டிருந்தாள். வருடா வருடம் வருகிறவர்கள் நாற்பது பேர்.

"அடியே நெவெங்கா, சரியாப் போச்சுடி! புனிதர் கண்ணைத் திறந்துட்டாரு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

புனிதர் கண்ணைத் திறந்ததை மற்றவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். பதினொரு மணிக்கே ஐம்பது பேர். டிராமில் இடம் கொடுத்தவர்கள் வந்தார்கள். அவர்களுடைய மைத்துனர்கள் வந்தார்கள். எங்கள் கட்டடத்தில் இத்தனை வருடம் ஒரு வணக்கம்கூடச் சொல்லாத பல்மருத்துவர் குடும்பத்தோடு வந்து, "நமக்குள்ள என்னண்ணே" என்றார். பாதிரியார் வந்து ரொட்டியை ஆசீர்வதித்து வெட்டிய பிறகுதான் மீன் பரிமாறவேண்டும். அவர் மூன்று மணிக்குத்தான் வருவார். அதுவரை ஆளுக்கு ஒரு கரண்டி கோதுமைப் பாயசம், ஒரு மடக்கு பிளம் சாராயம்.

அண்ணன் என்னைச் சமையலறைக்கு இழுத்தார். வியர்த்திருந்தது.

"ஏம்மா, யார் முன்னாடி வந்தா, யார் பின்னாடி வந்தான்னு சண்டை வருமேம்மா. உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

நான் செய்த பாவம், உண்மையைச் சொன்னேன். "சீட்டு அடிப்போம்ணே."

என் கைப்பையில் அந்த மாதச் சம்பளம் கட்டுக்கட்டாக இருந்தது. ஐம்பதாயிரம் கோடி தினார் நோட்டுகள். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று, எழுதத் தோதாக இருந்தது. அதில் ஒவ்வொன்றாக எழுதினேன்: 'இதைக் கொண்டுவருபவருக்கு ஒரு துண்டு கெண்டை மீன் தருகிறேன்.' அண்ணன் கீழே கையெழுத்துப் போட்டு எண் இட்டார். முதல் நாற்பது சீட்டு போனதும் கையை நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் வாசலில் நாற்பத்தொன்றாவது ஆள் நின்றார். திருப்பி அனுப்பமுடியாது.

"மீன் நாப்பதுதானேம்மா?" என்று கிசுகிசுத்தார் அண்ணன்.

"நம்பிக்கைதாண்ணே முக்கியம்" என்றேன். பதினோரு வருட அனுபவம் வீண்போகுமா?

பன்னிரண்டு மணிக்கு மாடிப்படியில் சந்தையே தொடங்கிவிட்டது. ஒரு சீட்டுக்கு ஒரு சிகரெட். ஒரு மணிக்கு, உள்ளே இருந்து யாரோ எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டார்கள். இரண்டு சீட்டுக்கு ஒரு சிகரெட் ஆயிற்று. "ஒரு சீட்டு பத்தாது, ரெண்டாக் கொடு" என்று ஆட்கள் வந்து நின்றார்கள். பத்துத் துண்டுச் சீட்டு ஒன்று வெளியிடலாமா என்று நான் யோசித்தேன். பல்மருத்துவர் பதினைந்து சீட்டு சேர்த்து வைத்துக்கொண்டு, தான் ஐந்தாவது மாடியிலேயே பெரிய பணக்காரன் என்று அறிவித்தார். எனக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

இரண்டரை மணிக்கு லிஃப்ட் கதவு திறந்தது. டாக்டர் கெஸிச், இரண்டு உதவியாளர், தொலைக்காட்சிக்காரர்கள். நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களில் கடைசி ஆள் தன் வீட்டு விழாவிலேயே பத்திரத்தில் கையெழுத்திடுவதை நேரடியாகக் காட்டப்போகிறார்கள். ஸ்லாவா அன்று வந்தவரைத் திருப்ப முடியாதென்று தெரிந்தே வந்திருந்தார் ஆளுநர், கெட்டிக்காரர்.

"வாங்க, வாங்க" என்று அண்ணன் பாயசம் கொடுத்தார், சாராயம் கொடுத்தார், கடைசியில் சீட்டும் கொடுத்தார். எண் நூற்றுப் பன்னிரண்டு. ஆளுநர் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை போலிருக்கிறது. சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுப் பத்திரமாகப் பர்சில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பாதிரியார் வந்தார், ரொட்டியை வெட்டினார், ரூஜா அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாற்பது துண்டு. எதிரில் நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. அக்கா கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உள்ளே போய் ஒவ்வொரு துண்டையும் மூன்றாக நறுக்கினாள். ஆளுநரின் தட்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று விழுந்தது. அதிலும் பாதி முள்.

"என்ன இது?" என்றார் டாக்டர் கெஸிச்.

"ஒரு துண்டுங்க. சீட்டுப்படி" என்றாள் அக்கா.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஆளுநருக்கு அது மறந்தேபோயிற்று. பசி அப்படி.

"ஒரு மீனுக்கு நூத்திப் பன்னெண்டு சீட்டா? சீட்டு எழுதினா மீன் வளருமா? இருக்கறது ஒண்ணு, அதுக்கு மேல எழுதறதெல்லாம் வந்தவங்க தட்டுலேர்ந்து திருடறது! இது பச்சை மோசடிய்யா! எழுதினவன் எவனா இருந்தாலும் ஜெயில்ல போடணும்!"

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. கேமராக்காரர் தன் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாகக் கேமராவைப் பிடித்ததில்லை என்று பிறகு சொன்னார். பிறகு படியிலிருந்து யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். அது மாடி மாடியாக இறங்கித் தெருவரைக்கும் போயிற்று. பாதிரியார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உதவியாளர்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

சிரிக்காதவர் திஹோமிர் அண்ணன் ஒருவர்தான். அவர் முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா சொல்றது நியாயம்" என்றார். "தப்பு என்னோடது. என் கையெழுத்துத்தான் போட்டிருக்கு. யாரும் சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அத்தனை பேருக்கும் முழுத் துண்டு வந்து சேரும். உள்ளங்கை அளவு. எத்தனை நாள் ஆனாலும் சரி."

ஆளுநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பத்திரத்தை நீட்டினார். "அது இருக்கட்டும். இதுல போடுங்க."

"போடறேங்க. ஆனா மொதல்ல என் கடன். இந்த நூத்திப் பன்னெண்டும் தீரட்டும். கடன்காரனா இருந்துக்கிட்டு இன்னொருத்தர் கடன் தீர்ந்துடுச்சுன்னு நான் எப்படிங்க எழுதறது?"

மறுநாள் வானொலியில், ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் நாணயத்தின் மீதான நம்பிக்கையைக் குலைத்ததாகச் சொன்னார்கள். என்னைப் பூஜ்யப் பிரிவிலிருந்து காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். அண்ணன் அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் நின்றுபோன லிஃப்ட்டுகளையெல்லாம் இறக்கினார். அறுபத்தெட்டு வயதில் கயிற்றில் தொங்கி, விரல் வெடித்து, கூலியாக மீன் மட்டும் வாங்கினார். சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் சீட்டோடு வருவார்கள், உள்ளங்கை அளவு துண்டோடு போவார்கள். விஷயம் சந்தைக்குப் பரவியது. தினாரைத் தொடமாட்டேன் என்ற ஸ்தேவா, "மெக்கானிக் சீட்டா? குடு குடு" என்று வாங்கிக்கொண்டான். பிப்ரவரியில் ஒரு சீட்டுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். பல்மருத்துவர் பதினைந்து சீட்டில் பெண்ணுக்குக் கல்யாணமே முடித்துவிட்டார்.

ஈஸ்டருக்குள் நூற்றுப் பதினொன்று திரும்பி வந்துவிட்டது. மிச்சம் ஒன்று. அண்ணன் ரூஜா அக்காவிடம் கேட்டுக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, என்னிடமே கொடுத்தனுப்பினார்: 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சீட்டு ஒன்றுதான் பாக்கி. தயவுசெய்து வந்து மீனைப் பெற்றுக்கொண்டால் என் வீடு கடனில்லாததாகும். அன்றே தங்கள் பத்திரத்திலும் கையெழுத்திடுகிறேன்.'

டாக்டர் கெஸிச் கடிதத்தைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பர்சைத் திறந்து அந்த நோட்டை எடுத்தார். நாலாக மடித்து, ஓரம் நைந்திருந்தது. ஐம்பதாயிரம் கோடி என்று அச்சடித்த பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பி, அண்ணனின் கோணல் கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"கொடுத்துடுங்க சார். உள்ளங்கை அளவு மீன். நாட்டுக் கடனும் முடிஞ்சிடும்" என்றேன்.

"போம்மா" என்றார் ஆளுநர். "எனக்கும் வயசாகுது. கைல நாலு காசு இருக்கவேண்டாமா?"

நோட்டை மறுபடி நாலாக மடித்துப் பர்சின் உள் அறையில் வைத்தார்.